முதல் பட்டதாரி

தண்ணீர் லாரி வரும் நாட்களில் எங்கள் வாசல் ஆணியில் இரண்டு சாவிகள் தொங்கும். ஒன்றில் பாயும் குதிரை. இன்னொன்றில் நீலமும் வெள்ளையும் பங்கு போட்டுக்கொண்ட வட்டம். ஈஜிபுராவின் இந்தக் குறுக்குத் தெருவுக்குள் லாரி நுழைய வேண்டுமென்றால் சுவரோரம் நிற்கும் வண்டிகளை நகர்த்தியாக வேண்டும். மாடிவீட்டுத் திருப்பூர்த் தம்பியும் எதிர்வீட்டுப் பையனும் வார நாட்களில் கம்பெனி பஸ்ஸில் போய்விடுவார்கள். பைக்குகள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நந்தி மலைக்குப் போவதற்கென்று வாங்கியவை. மற்ற ஆறு நாளும் அவற்றுக்குக் காவல் நான்.

தம்பியுடையது டிவிஎஸ் அபாச்சி ஆர்ஆர் 310. எதிர்வீட்டுப் பையனுடையது பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆர். இரண்டு பெயர்களையும் ஒரு தரம் உரக்கச் சொல்லிப் பாருங்கள். எண் ஒன்று, எழுத்து ஒன்று, முன்னால் வருவது மட்டும் வேறு. வண்டியும் அப்படித்தான். சாயத்தைச் சுரண்டிவிட்டால் சட்டகம், முகப்பு, விளக்கு, திரை, மழைக்கு ஒன்று ரேஸுக்கு ஒன்று என்று வைத்திருக்கும் நான்கு ஓட்டமுறைகள் எல்லாம் ஒன்றே. இரண்டும் ஓசூரில் பிறந்தவை. கோரமங்களா, சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திபெலே தாண்டினால் ஓசூர். இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் சிவப்பு வண்டியைப் பார்த்தால் தெருப்பிள்ளைகள் "அபாச்சி" என்கிறார்கள். வெள்ளை வண்டியைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தி "பிஎம்" என்கிறார்கள். அந்தத் தாழ்ந்த குரலை யார் எப்படித் தயாரித்தார்கள் என்பதுதான் எனக்குக் கொஞ்ச நாளாக யோசனை.

2013 ஏப்ரலில் டிவிஎஸ் மோட்டாரும் பிஎம்டபிள்யூவின் மோட்டார்சைக்கிள் பிரிவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் எளிமையானது. 500 சிசிக்குக் குறைந்த வண்டிகளைச் சேர்ந்து உருவாக்குவது. விற்பனையை அவரவர் பெயரில், அவரவர் கடையில் அவரவர் பார்த்துக்கொள்வது. அடுப்பு ஒன்று, பந்தி இரண்டு. அந்த அடுப்பில் வெந்தது 312.2 சிசி ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். அதில் ஒரு விசேஷம் உண்டு. வழக்கமான பைக்கில் காற்றும் பெட்ரோலும் பின்பக்கமிருந்து உள்ளே போகும். புகை முன்பக்கம் வந்து, வளைந்து, எஞ்சினுக்கு அடியில் நுழைந்து சைலன்சருக்குப் போகும். இதில் சிலிண்டரைப் பின்புறம் சாய்த்து, தலையைத் திருப்பி வைத்துவிட்டார்கள். காற்று முன்னால் நுழைகிறது, புகை நேராகப் பின்னால் போகிறது. எஞ்சினின் கனம் வண்டியின் நடுவுக்கும் முன்சக்கரத்துக்கும் நெருங்குகிறது. வண்டியின் நீளத்தைக் கூட்டாமலே பின்சக்கரத்தைத் தாங்கும் கையை நீட்டமாக வைக்க இடம் கிடைக்கிறது. வளைவில் திருப்பும்போது அதன் பலன் தெரியும் என்பார்கள். நான் வளைவில் திருப்பியதில்லை. தள்ளியிருக்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் இரு வீட்டாரும் ஒரே உடலுக்கு வேறு வேறு உடுப்புத் தைத்தார்கள். 2015 நவம்பரில் மிலான் கண்காட்சிக் காலத்தில் பிஎம்டபிள்யூ காட்டியது ஃபேரிங் என்னும் மேற்கவசம் இல்லாத ஜி 310 ஆர். 2016 பிப்ரவரியில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் டிவிஎஸ் காட்டியது உடல் முழுக்கக் கவசம் போர்த்திய ரேஸ் வண்டி. பெயர் அகுலா 310. ரஷ்ய மொழியில் அகுலா என்றால் சுறா. நம் காதில் அது வேறு மாதிரி விழும். ஆகுலம் என்று தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு. துன்பம், கலக்கம் என்று பொருள். ஆரவாரம் என்றும் பொருள். மனத்தில் குற்றமில்லாமை ஒன்றே அறம் என்று சொல்லுமிடத்தில், மற்றதெல்லாம் வெறும் ஆரவாரம் என்பதற்கு வள்ளுவர் எடுத்தாண்டது இந்தச் சொல்லைத்தான். ஓசூர்க்காரர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். சந்தைக்கு வந்தபோது எப்படியும் அந்தப் பெயர் இல்லை.

2017 டிசம்பர் 6ஆம் தேதி அபாச்சி ஆர்ஆர் 310 விற்பனைக்கு வந்தது. எக்ஸ் ஷோரூம் விலை 2.05 லட்சம். (எங்கள் ஈஜிபுரா மேம்பாலத்துக்கு வேலை தொடங்கியதும் அதே 2017தான். மணிக்கு 160 கிலோமீட்டர் ஓடுமென்று சொல்லப்படும் வண்டி, அந்தத் தூண்களுக்கு நடுவே முதல் கியரில் ஊர்ந்துகொண்டே தன் இளமையைக் கழித்தது.) 2018 ஜூலையில் பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர் இந்தியாவுக்கு வந்தபோது விலை 2.99 லட்சம். அறிமுக விலையில் கவசம் போட்ட வண்டியைவிடக் கவசம் போடாத வண்டி 94,000 ரூபாய் கூடுதல்! ஊர் சிரித்தது. 2020 அக்டோபரில் புதிய மாசுவிதிகளுக்கு ஏற்ப மாற்றி மறுபடி இறக்கியபோது அதே வண்டிக்கு 2.45 லட்சம் என்று விலை போட்டார்கள்.

2022 ஜூலையில்தான் உடுப்பும் ஒன்றானது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆர் என்ற பெயரில் வந்தது அபாச்சி ஆர்ஆர் 310தான். நிறமும் வில்லையும் வேறு. அபாச்சி அப்போது 2.65 லட்சம், பிஎம்டபிள்யூ 2.85 லட்சம். மூன்று நிறக் கோடு போட்ட வகை வேண்டுமென்றால் 2.99. போனை வண்டியோடு இணைக்கும் ப்ளூடூத் வசதி அபாச்சியில் உண்டு, விலை கூடிய பிஎம்டபிள்யூவில் இல்லை. பெயருக்கென்று தனியாக ஒரு பில் போட முடியுமானால், அதில் 20,000 ரூபாய் என்று எழுதியிருக்கும்.

"பேருக்குத்தானுங்ணா காசு. வண்டிக்கில்லீங்" என்றான் திருப்பூர்த் தம்பி. எதிர்வீட்டுப் பையன் அதை மறுக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

இதே கதை கார் உலகில் இதைவிடப் புகழோடு நடந்தது. 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தன. எஞ்சின் சுபாருவுடையது, சிலிண்டர்கள் எதிரெதிரே படுத்திருக்கும் வகை. எரிபொருளைப் பீய்ச்சும் நுட்பம் டொயோட்டாவுடையது. கட்டியது குன்மா மாகாணத்தில் சுபாருவின் தொழிற்சாலை. ஒன்றுக்குப் பெயர் டொயோட்டா 86, மற்றதற்கு சுபாரு பிஆர்இசட். அமெரிக்காவில் டொயோட்டா அதை சயான் என்ற தன் இளைஞர் பிராண்டில் எஃப்ஆர்எஸ் என்று விற்றது. 2016இல் அந்தக் கடையையே மூடியபிறகு மறுபடி 86 ஆக்கியது. ஒரு பிள்ளைக்கு மூன்று பெயர்.

சுபாரு என்பது ஜப்பானிய மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அதனால்தான் அந்த நிறுவனத்தின் வில்லையில் ஆறு நட்சத்திரங்கள். ஆறு தாய்மார் பாலூட்டி வளர்த்த பிள்ளையைத் தெய்வமாகக் கும்பிடும் நமக்கு, ஒரு காருக்கு இரண்டு தாய் என்பது பெரிய விஷயமில்லை. அந்தத் தாய்மார் பிள்ளையைப் பற்றி ஊரில் பேசிய பேச்சில்தான் சுவாரசியம். டொயோட்டா தன் பழைய கதை ஒன்றைத் தோண்டி எடுத்தது. 1983இல் வந்த கொரோலா வகையொன்றின் உள்ளெண் ஏஇ86. மெலிந்த, மலிவான, பின்சக்கரம் இழுக்கும் வண்டி. மலைச்சாலை வளைவுகளில் பின்பகுதியை வழுக்கவிட்டு ஓட்டும் ஜப்பானிய இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். 1995இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற படக்கதையின் நாயகன், அப்பா கடைத் தோஃபுவை அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலையிறங்குகிறவன். டொயோட்டா புதிய காருக்கு அந்த எண்ணையே பெயராக வைத்தது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஓடும் தூரமும்கூட 86 மில்லிமீட்டர்தான். சுபாருவிடம் அப்படிக் கதை இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் கார்களையே சொல்லிச் சொல்லி விற்ற வீட்டில், இது மட்டும் பின்சக்கரம் இழுக்கும் ஒற்றைப் பிள்ளை. ஆகவே அது எஞ்சின் எவ்வளவு தாழ்வாகப் படுத்திருக்கிறது, சாலையை எப்படிப் பற்றுகிறது என்று பொறியாளர் மொழியில் பேசியது. ஒருவர் வழுக்கலை விற்றார், மற்றவர் பிடியை விற்றார். பிறகு நடந்ததுதான் முக்கியம். அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி ஸ்பிரிங்கைத் திருகினார்கள். சுபாருவில் முன்பக்கம் கொஞ்சம் இறுக்கம். டொயோட்டாவில் பின்பக்கம் இறுக்கம், ஆகவே வாலை ஆட்டும். 2021இல் இரண்டாம் தலைமுறை வந்தபோது இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கினார்கள். பேச்சு முதலில் வந்தது, இரும்பு அதன் பின்னால் போனது.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் தெருச் சுவருக்குத் திரும்புகிறேன்.

டிவிஎஸ் மதுரையில் 1911இல் தொடங்கிய குடும்பம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிஎம்டபிள்யூ தன் பிறந்த வருடமாகச் சொல்லும் 1916க்கும் முந்தையது. ஆனால் வயதால் மட்டும் மரியாதை வருவதில்லை. ஓசூரிலிருந்து 1980இல் வந்தது டிவிஎஸ் 50. இருவர் உட்காரக்கூடிய மொபெட். தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் அதைப் பற்றி விளக்க வேண்டாம். இருபக்கமும் பால் கேன், பின்னால் கீரைக்கட்டு, முன்னால் பிள்ளை. இளநீர்க் குலைகளுக்குள் புதைந்து, ஓட்டுகிறவர் தலை மட்டும் தெரிய ஊர்ந்துபோகும் அந்த வண்டி, பாரம் சுமந்தே குடும்பத்தைக் காப்பாற்றியது. பிறகு சுசுகியோடு கூட்டு. தொண்ணூறுகளில் வந்த சாமுராய், ஷோகன் பைக்குகளின் டேங்கைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: டிவிஎஸ், நடுவில் ஒரு சிறு கோடு, சுசுகி. அந்தக் காலத்து ஹீரோ ஹோண்டாவிலும் இரண்டு பெயர் சேர்ந்தே இருக்கும். ஜப்பான்காரன் பெயர் கூட இருந்தால்தான் நாம் நம்பினோம். நல்ல சம்பந்தம் என்று ஊருக்குக் காட்ட மாமனார் பெயரைச் சேர்த்தே சொல்வதுபோல. 2001இல் சுசுகி விலகியது. நடுக்கோடு அழிந்தது.

எனவே 310இன் டேங்கில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்தோம் என்பதை டிவிஎஸ் மறைக்கவில்லை, ஆனால் அந்தப் பெயரை டேங்கில் ஏற்றவும் இல்லை. ஒப்பந்தத்தின்படி ஏற்றவும் முடியாது. அப்படியென்றால் எதைச் சொல்லி விற்பது? பால்கேன் சுமந்த குடும்பத்தில் பிறந்தவன் ரேஸ் ஓட்டுவான் என்று ஊரை எப்படி நம்பவைப்பது?

தமிழ்நாட்டில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். குடும்பத்தில் இதற்கு முன் பட்டம் பெற்றவர் யாருமில்லை, இவன்தான் முதல்வன் என்று சொல்லும் காகிதம். அதை வாங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன பிள்ளையைக் கவனித்திருக்கிறீர்களா? அவன் பேச்சில் மதிப்பெண் வரும். எத்தனை, எந்தப் பாடத்தில், எத்தனையாவது இடம். வேறு எதைச் சொல்லுவான்? அப்பா பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் கீரைக்கட்டுதான் ஞாபகம் வரும். அபாச்சி ஆர்ஆர் 310 அப்படிப்பட்ட முதல் பட்டதாரி. அதன் விளம்பரம் முழுக்க மதிப்பெண். 1982இலிருந்து டிவிஎஸ்ஸுக்கு ரேஸ் அணி உண்டு. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ஓடுதளம் வந்தபின் அங்கே சுற்றிச் சுற்றிக் கற்றது அது. அந்த ஓடுதளம்தான் இந்த வண்டியின் பிறந்த வீடு என்று நிறுவனம் ஓயாமல் சொன்னது. ஆர்ஆர் என்பதற்கு ரேஸ் வண்டியின் நகல் என்று விரிவு சொன்னது. 2021இல், கேட்டபடி கட்டித் தருகிறோம் என்று ஒரு திட்டம் போட்டது. சஸ்பென்ஷனை இறுக்கித் தளர்த்தும் வசதி ஒரு கட்டு. கால்வைப்பை உயர்த்தி ரேஸுக்குக் குனியவைப்பது இன்னொரு கட்டு. வண்டியின் மேல் போட வேண்டிய ரேஸ் எண்ணை வாங்குகிறவரே தேர்ந்துகொள்ளலாம். அதற்கடுத்த வருடம் ஆசிய அளவில் தனிப் பந்தயமே நடத்தியது, எல்லோரும் இதே வண்டியின் ரேஸ் வடிவத்தில் ஓடும்படி.

பிஎம்டபிள்யூ வீட்டில் அதே பிள்ளை கடைக்குட்டி. மேலே 1,000 சிசி அண்ணன் எஸ் 1000 ஆர்ஆர் இருக்கிறான். இந்தியாவில் இருபது லட்சம் கொடுத்தாலும் போதாது. கடைக்குட்டிக்கு அண்ணனின் பெயரில் பாதியும், அண்ணன் சட்டையின் வெளிர்நீலம், கருநீலம், சிவப்புக் கோடுகளும் கிடைத்தன. சிக்னலில் தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணனோ என்று ஒரு கணம் தோன்றும். அந்த ஒரு கணம்தான் விற்பனைச் சரக்கு. ஆகவே இங்கே மதிப்பெண் பேச்சு இல்லை. குடும்பம், பாரம்பரியம், சேர்ந்து சவாரி போகும் கூட்டம், மாதத் தவணை. பெரிய வீட்டுப் பிள்ளையிடம் பள்ளியில் எத்தனை மார்க் என்று யாரும் கேட்பதில்லை. யார் பிள்ளை என்று கேட்பார்கள், அதற்குப் பதில் தயாராக இருக்கிறது.

ஒரே பொருள் ஒரு வீட்டில் கூரையாகவும் மறு வீட்டில் வாசற்படியாகவும் இருக்கிறது. ஒருவர் இதற்கு மேல் எங்களிடம் இல்லை என்கிறார், மற்றவர் இங்கிருந்து தொடங்குங்கள் என்கிறார். பேச்சு வேறுபட்டதில் சூது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிற்கும் இடம் அப்படி.

பெரிய வீட்டுப் பெருமையைப் பற்றி ஓர் உபரித் தகவல். பிஎம்டபிள்யூ 1928இல் ஐசனாக் என்ற ஊரின் தொழிற்சாலையை வாங்கிக் கார் உற்பத்திக்குள் நுழைந்தபோது, அங்கே ஓடிக்கொண்டிருந்தது டிக்ஸி. அது ஆங்கிலேயரின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் வாங்கிச் செய்தது. பிஎம்டபிள்யூவின் முதல் கார் அடுத்தவர் கார். போருக்குப் பின் நொடித்த காலத்தில் அதைத் தாங்கிப்பிடித்த முட்டை வடிவ இசெட்டா, இத்தாலியர்களிடமிருந்து வாங்கியது. எல்லா வீட்டுப் பரணிலும் கடன் வாங்கிய பாத்திரம் ஒன்று இருக்கத்தான் செய்யும். ஒருகாலத்தில் சுசுகியின் பெயரைக் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்ட டிவிஎஸ்ஸும் 2020 ஏப்ரலில் 1.6 கோடி பவுண்டுக்கு நார்ட்டன் என்ற 1898ஆம் வருடத்து ஆங்கிலப் பெயரை விலைக்கே வாங்கிவிட்டது.

சட்டை மட்டும் மாற்றினால் எல்லா இடத்திலும் போணியாகிவிடும் என்றும் இல்லை. சென்னை ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் ஒரே கூரைக்குக் கீழ் செய்த கார்களை நினைத்துப் பாருங்கள். நிசான் மைக்ராவே ரெனோ பல்ஸ் ஆனது, நிசான் சன்னியே ரெனோ ஸ்கேலா ஆனது. எத்தனை பேருக்கு இன்று ஞாபகம் இருக்கிறது? மறுதிசையில் 2012இல் வந்த ரெனோ டஸ்டர் நன்றாக ஓடியது. 2013இல் அதையே டெரானோ என்று விலை கூட்டி நிசான் கொண்டுவந்தபோது டஸ்டர் கண்ட கூட்டம் அதற்குக் கூடவில்லை. புதிய பெயர் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பதுதான் காரணம் என்பேன். பெங்களூருக்கு மறுபக்கம் பிடதியில் 2022இல் டொயோட்டா தொழிற்சாலையிலிருந்து ஹைரைடரும் மாருதியின் கிராண்ட் விட்டாராவும் ஒரே வாசலில் வெளிவந்தன. இரண்டுமே போணியானதற்கு டொயோட்டா நீண்டநாள் வாரண்டியையும் மாருதி ஊருக்கு ஊர் இருக்கும் கடையையும் சொல்ல முடிந்தது காரணம். சொல்ல ஒன்று இருக்க வேண்டும்.

விளம்பரம் வாய்ஜாலம், வாங்கியபின் எல்லாம் ஒன்றுதான் என்று நானும் நினைத்திருந்தவன்தான். 2024 செப்டம்பர் அந்த நினைப்பைக் கலைத்தது. அபாச்சி ஆர்ஆர் 310இன் திறனை 34இலிருந்து 38 குதிரைத்திறனுக்கு உயர்த்தினார்கள். வேகத்தில் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்த முகப்பின் இருபக்கமும் சிறு சிறகுகள் முளைத்தன. விலை 2.75 லட்சமானது. பிஎம்டபிள்யூ 34இலேயே நின்றது. 2025இல் அது செய்தது வேறு: 10,000 வண்டி விற்ற மகிழ்ச்சிக்காக 310 வண்டிகள் மட்டும் தனிப்பதிப்பு, புதுக்கோலம், ஒவ்வொன்றிலும் வரிசை எண், 2.99 லட்சம். ஒரு வீட்டில் ஓட்டுகிறவன் தானே தேர்ந்த ரேஸ் எண். இன்னொரு வீட்டில் நிறுவனம் கொடுத்த வரிசை எண்.

ரேஸ், ரேஸ் என்று ஏழு வருடம் சொன்னவர்களுக்கு அந்தச் சொல்லே கடனாகிவிட்டது. பாட்டுக் கச்சேரியில் மேல்ஸ்தாயிக்குப் போகிறேன் என்று கையைத் தூக்கிவிட்ட வித்துவான் போய்த்தான் ஆக வேண்டும், சபை காத்திருக்கும். மதிப்பெண் சொல்லிப் பிழைப்பவன் அடுத்த பரீட்சையும் எழுதியாக வேண்டும். பிஎம்டபிள்யூ வாக்களித்தது பெயரை மட்டும். அதை ஷோரூம் வாசலிலேயே, முதல் நாளே, முழுசாகக் கொடுத்துவிட்டது. அதற்கு மேல் பாக்கி இல்லை. யாரும் ஏமாற்றப்படவில்லை. ஆனால் ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு இப்போது உண்மையிலேயே இரண்டாகிவிட்டன, பேச்சு வேறாக இருந்த ஒரே காரணத்தால்.

டிவிஎஸ்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. தோஃபு சுமந்த பழைய கொரோலாவை டொயோட்டா கூச்சமில்லாமல் புராணமாக்கிற்று. இளநீர் சுமந்த மொபெட்டைப் பற்றி ஆர்ஆர் 310இன் விளம்பரம் எதுவும் மூச்சுவிட்டு நான் பார்த்ததில்லை. பட்டம் வாங்கியவன் ஹாஸ்டல் நண்பர்களிடம் அப்பாவின் தொழிலைச் சொல்லாமல் நழுவுவதுபோல் இருக்கிறது அது. இந்தியச் சாலையில் எந்த ஜெர்மன்காரரிடமும் ஜப்பான்காரரிடமும் இல்லாத கதை அது. சொல்லியிருக்கலாம்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்த நிலையில்தான் எங்கள் தெரு என் கணக்கைக் கலைத்தது. திருப்பூர்த் தம்பியின் அப்பாவுக்குப் பனியன் கம்பெனி இருக்கிறது. வீட்டில் இரண்டு கார். எதிர்வீட்டுப் பையன் இந்தப் பேட்டையிலேயே பிறந்தவன். 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் ஏழைகள் குடியிருப்பை இடித்தபோது சாமான்களோடு நடைபாதைக்கு வந்த குடும்பங்களில் அவனுடையதும் ஒன்று. அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் அவன். அவன் வாங்கியதுதான் பிஎம்டபிள்யூ. தம்பி வாங்கியது டிவிஎஸ்.

"டிவிஎஸ்னா எங்க தாத்தா தேங்கா மூட்டை ஏத்தின வண்டி ஞாபகம் வருது அங்கிள்" என்றான் எதிர்வீட்டுப் பையன் ஒருநாள். "இதுல போய் கோரமங்களாவுல நிறுத்தினா, செக்யூரிட்டி சார்னு கூப்டறான். ஸ்பீடு எனக்கெதுக்கு?"

இருபதாயிரம் ரூபாய்ப் பில்லை அதற்குப் பிறகு நான் யாரிடமும் கிண்டலாகச் சொல்வதில்லை. பெயர் இருக்கிறவனுக்கு வேகம் விளையாட்டு. பெயர் இல்லாதவன் முதலில் பெயரைத்தான் வாங்குவான், அதுவும் தவணையில். அவனுக்கு அந்த வட்டம் செய்கிற வேலையை 4 குதிரைத்திறன் செய்யாது.

போன மாதம் ஓசூரிலிருந்து என் மாமா வந்திருந்தார். மொபெட் காலத்து ஓசூர் ஒர்க்‌ஷாப் ஆள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவில் குந்தி, திரும்பிய சிலிண்டரை இருபக்கமும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் நம்ம ஊரு சாமான் மாப்ள" என்றார். அப்புறம் பிஎம்டபிள்யூ வில்லையைச் சட்டை நுனியால் துடைத்தார். அபாச்சியைத் துடைக்கவில்லை. சொந்தப் பிள்ளை முகத்தை யார் துடைத்துவிடுகிறார்கள் என்று நினைத்தாரோ, விருந்தாளிக்குச் செய்யும் மரியாதையோ, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இன்று வியாழக்கிழமை, லாரி வரும் முறை. ஆறரைக்கு ஹாரன் கேட்டது. ஆணியிலிருந்து சாவிகளை எடுத்து, ஹேண்டில் லாக்கைத் திறந்து, முதலில் வெள்ளையைத் தள்ளினேன், பிறகு சிவப்பை. அந்தக் கனத்தில் எனக்கு வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இரண்டும் 174 கிலோ.